பெயின்ற் காயாத பாலம்

எங்கட பாலத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதை வடிவாக்கினது நான்தான்.

சரவணையிலையிருந்து கடற்கரைப் பக்கம் எங்கட ஊருக்கு இறங்கிற றோட்டிலை, தரவை வெளிக்கு நடுவிலை, கடல்தண்ணி வந்துபோற ஒரு ஓடை இருக்கு. அதுக்கு மேலைதான் பாலம். ஆர் கட்டினதெண்டு ஊருக்குள்ளை இன்னும் முடிவில்லை. வெள்ளைக்காரன் கட்டினதெண்டு கொஞ்சப்பேர். வெள்ளைக்காரன் போனாப்பிறகு கட்டினபடியால்தான் இந்தக் கோலம் எண்டு மிச்சப்பேர். கட்டினாப்பிறகு ஒருத்தரும் அதைத் திரும்பிப் பார்க்கேல்லை எண்டதிலை மட்டும் எல்லாரும் ஒற்றுமை. உப்புத்தண்ணி மாத்திரம் ஒருநாளும் லீவு எடுக்காமல் வந்து பார்த்திட்டுப் போகும். அடியிலை கொங்கிரீட் கழண்டு, கம்பியெல்லாம் துருப்பிடிச்சு வெளியிலை நிண்டுது. கையால உரஞ்சினா பிஸ்கட் மாதிரி உதிரும்.

ஒருநாள் பெரிய துண்டொண்டு ஓடைக்குள்ளை விழுந்துது. றோட்டு இலாகாக் கந்தோர்க்காரர் அடுத்த நாளே வந்தினம். அடேயப்பா, என்ன வேகம்! பாலத்தைத் திருத்த இல்லை, பலகை நட. ‘பார வாகனங்கள் செல்லத் தடை.’ பலகைக்குப் புதுக் கம்பி, அடியிலை ஆழமாய்க் கிடங்கு வெட்டி நல்ல கொங்கிரீட். பாலத்துக்குப் போட்டிருக்க வேண்டியதைப் பலகைக்குப் போட்டிட்டுப் போட்டினம். அண்டையிலையிருந்து பஸ் அக்கரையோட நிண்டிட்டுது.

மற்றச் சனத்துக்கு அது நாலு எட்டு நடை. என்ர அக்காவுக்கு அப்பிடியில்லை. அவ என்னோடதான் இருக்கிறா. கிட்னி ரெண்டும் கைவிட்டிட்டுது. செவ்வாயும் வெள்ளியும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்யோணும். ஒருதரம் தப்பினா முகம் வீங்கும், மூச்சு முட்டும். ரெண்டுதரம் தப்பினா என்ன நடக்குமெண்டு டொக்டர் சொல்லேல்லை, நாங்களும் கேக்கேல்லை. ஓட்டோவிலை அவ்வளவு தூரம் குலுங்கினா அவவுக்குச் சத்தி, குடிச்ச தண்ணியும் வெளியிலை வந்திடும். பஸ்ஸிலை முன்சீற் எண்டா காலை நீட்டிக்கொண்டு வருவா. பாலத்தை மட்டுமாவது கடத்திவிடுமன் எண்டு ஓட்டோக்காரனைக் கேட்டன். தனக்குச் சின்னப் பிள்ளையள் இருக்கெண்டான்.

அதாலை பிளாஸ்ரிக் கதிரையிலை இருத்தி, நானும் பக்கத்து வீட்டுக்காரனும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு, பாலத்தாலை காவிக்கொண்டு போவம். அக்கரையிலை பஸ்ஸுக்குள்ளை இருக்கிற சனமெல்லாம் எட்டி எட்டிப் பார்க்கும். அக்காவுக்கு அது கிட்னி வருத்தத்தை விடப் பெரிய வருத்தம்.

“சாமியையும் இப்பிடித்தான் காவுறவை, பிரேதத்தையும் இப்பிடித்தான் காவுறவை. நான் இதிலை எதடா?” எண்டு ஒருநாள் கதிரையிலை இருந்தபடி கேட்டா. நான் மூச்சு வாங்கிற மாதிரி நடிச்சுக்கொண்டு நடையைக் கூட்டினன்.

எங்கட வாசிகசாலைச் செயலாளர் இளைப்பாறின வாத்தியார். பெட்டிசம் எழுதிறதிலை விண்ணன். ‘பேரன்புடையீர்’ எண்டு தொடங்கி ‘இங்ஙனம் தங்கள் பணிவுள்ள’ எண்டு முடிக்கேக்குள்ளை, பாலம் எங்கை இருக்கெண்டு எழுத மறந்துபோவார். எப்பிடியோ ஒரு பெட்டிசம் தப்பிப் பிழைச்சு ஒரு மேசையிலை போய் விழுந்திருக்கு. பாலத்தைப் பார்வையிட எஞ்சினியர் வாறார் எண்டு கடிதம் வந்துது.

உடனை வாசிகசாலையிலை கூட்டம். செயலாளர் எழும்பினார்.

“பாலத்தை இந்தக் கோலத்திலை அவருக்குக் காட்டேலுமே? எங்களைப் பற்றி என்ன நினைப்பார்?”

அதுதானே, அதுதானே எண்டு முழுச் சனமும் தலையாட்டிச்சுது. பொம்பிளை பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வரப்போகினம் எண்டா வீட்டுக்கு வெள்ளை அடிக்கிற ஆக்கள் நாங்கள். பாலத்துக்கும் அதுதான் முறை எண்டு நினைச்சிட்டம். காட்ட வேண்டியதே அந்தக் கோலம்தான் எண்டு ஒரு குஞ்சு குருமானுக்கும் உறைக்கேல்லை. செயலாளர் என்ரை பக்கம் திரும்பினார்.

“நீர்தான் இதைச் செய்யோணும். உம்மடை கைராசி ஊருக்கே தெரியும்.”

நான் மேசன். இந்த ஊரிலை பாதிச் சுவர் என்ர கையாலை பூசினது. ஒருத்தன் கைராசி எண்டு சொன்னா எனக்கு மூளை நிண்டுபோகும். “ஓம் மாஸ்டர், அதுக்கென்ன” எண்டிட்டன்.

மூண்டு நாள் வேலை. கழண்டதைத் தட்டிக் கொட்டிப்போட்டு, துருப்பிடிச்ச கம்பியை மூடி, சீமெந்து குழைச்சு, மட்டப்பலகை பிடிச்சு, கண்ணாடி மாதிரிப் பூசினன். மேலை மட்டும் பூசியிருந்தாலும் பாவம் குறைஞ்சிருக்கும். கடல் வத்தின நேரமாய்ப் பார்த்து, இடுப்பளவு சேத்துக்குள்ளை நிண்டு, அடியையும் பூசினன். வேலை எண்டா அரைகுறையாய் விடுற பழக்கம் எனக்கில்லை பாருங்கோ. கனடாவிலை இருக்கிற எங்கட பெடியள் பெயின்ற் வாங்கித் தந்தினம். கைபிடிச்சுவருக்கு மஞ்சளும் கறுப்பும். வாழை கட்டி, நிறைகுடம் வைச்சு, பாலம் கலியாண வீடு மாதிரி நிண்டுது.

எஞ்சினியர் வந்தார். நல்ல பெடியன், மரியாதையான ஆள். பொட்டு வைச்சம், செவ்விளநீர் குடுத்தம். பாலத்தை அங்கையும் இங்கையும் நடந்து பார்த்தார். பிறகு பையுக்குள்ளையிருந்து சின்னச் சுத்தியல் ஒண்டை எடுத்தார். தட்டிச் சத்தத்தைக் கேட்டா உள்ளுக்கை நல்லதோ கோறையோ எண்டு தெரிஞ்சுபோகும். அது எனக்கும் தெரியும். சுத்தியலை ஓங்கினார்.

“ஐயோ சேர், தட்டாதையுங்கோ! பெயின்ற் இன்னும் காயேல்லை!”

கத்தினது ஆர்? வேறை ஆர், இந்த மாமேதைதான். என்ர பூச்சிலை அடையாளம் விழப்போகுதெண்ட பதைபதைப்பிலை வாய் தானாய்த் திறந்திட்டுது. அந்தப் பெடியனும் பாவம், “சொறி அண்ணை” எண்டு மன்னிப்பும் கேட்டு, சுத்தியலைப் பையுக்குள்ளை வைச்சிட்டார். போகேக்குள்ளை, இவ்வளவு அருமையாய் வைச்சிருக்கிற பாலத்தைத் தான் எங்கையும் காணேல்லை எண்டார். நாங்கள் கை தட்டினம்.

ரெண்டு கிழமையாலை கடிதம் வந்துது. பாலம் நல்ல நிலையிலை இருக்கு, திருத்தத் தேவையில்லை, பஸ் வழமைபோலை ஓடலாம். பலகையை வந்து கிளப்பிக்கொண்டு போட்டினம். கிளப்ப அரைநாள் எடுத்துது. அவ்வளவு உறுதி.

எனக்கு நித்திரை இல்லை. அடியிலை கம்பி எப்பிடி இருந்ததெண்டு கண்ணாலை கண்டவன் நான் ஒருத்தன்தான். கந்தோருக்குப் போய், நான்தான் பூசினனான், உள்ளுக்கை ஒண்டும் இல்லை எண்டு சொன்னன். அங்கை இருந்தவர் ஃபைலை விரிச்சுப் பார்த்தார்.

“நல்லதெண்டு எஞ்சினியர் எழுதியிருக்கிறார். நீர் மேசன். ஆரின்ர சொல்லை நான் எடுக்கிறது?” எண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அரசாங்கச் சொத்திலை கை வைச்சனான் எண்டு இனி ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதையும்” எண்டு புத்தியும் சொன்னார். நல்ல மனுசன்.

வெள்ளிக்கிழமை பஸ் எங்கட பக்கம் வந்துது. அக்கா நல்ல சேலை உடுத்து முன்சீற்றிலை ஏறி இருந்தா. பாலத்தடியிலை டிரைவர் பிறேக் போட்டார்.

“கடிதம் கிடக்கு, நான் ஓட்டத்தான் வேணும். நீங்கள் இறங்கி நடந்து வாங்கோ, அக்கரையிலை ஏத்திறன்.”

சனம் மளமளவெண்டு இறங்கிச்சுது. செயலாளர்தான் முதல் ஆள். பக்கத்து வீட்டுக்காரன் கதிரையோட ஓடி வந்தான். அக்கா கதிரையைப் பார்த்தா, பிறகு கீழை நிண்ட சனத்தைப் பார்த்தா.

“என்ர தம்பி பூசின பாலம். நான் ஏன் இறங்கிறது?”

என்ர ஒரு கால் படியிலை, மற்றது றோட்டிலை. ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு, எனக்கு இறங்கத்தான் விருப்பம். ஆனால் முழு ஊரும் என்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டுது. காலை உள்ளுக்கை எடுத்து, போய் அக்காவுக்குப் பக்கத்திலை இருந்தன்.

பஸ் நடைவேகத்திலை ஏறிச்சுது. கீழை எங்கையோ ஏதோ தண்ணிக்குள்ளை விழுந்த சத்தம் கேட்டுது. அக்கா என்ர கையைப் பிடிச்சா.

“எத்தினை நாளைக்கடா தாங்கும்?”

“நான் பூசினதெண்டா பத்து வருசத்துக்கு வெடிக்காது அக்கா.”

“பூச்சை ஆர் கேட்டது” எண்டா அவ. “நான் பாலத்தைக் கேட்டனான்.”

இப்பவும் அப்பிடித்தான். செவ்வாயும் வெள்ளியும் நாங்கள் ரெண்டு பேரும் டிரைவருந்தான் பஸ்ஸுக்குள்ளை இருந்து பாலம் கடக்கிறம். மற்றச் சனம் நடந்து வந்து அக்கரையிலை ஏறுது.