தங்கச்சிக்கு நான் ஊற்றிய தண்ணீர்

சுக்கும் பூண்டும் அடுப்பில் கொதிக்கும் காரமான வாசனையோடுதான் அந்த மார்கழிக் காலை எனக்கு நினைவுக்கு வருகிறது. ஆஸ்டின் டவுனில் ஒற்றை அறை வீடு. எனக்கு ஒன்பது வயது. தையற்காரரான அப்பா, தைத்து முடித்த சிப்பாய்ச் சட்டைகளைப் பட்டாளத்தில் கொடுக்க விடிந்ததுமே கிளம்பிவிட்டார். அவர் போன பிறகு, எட்டாம் மாதத்திலேயே அம்மாவுக்கு வலி எடுத்துவிட, பக்கத்துத் தெரு மருத்துவச்சி முனியம்மாவை நான்தான் ஓடிப்போய் அழைத்து வந்தேன்.

குழந்தை பிறந்தது, அழவில்லை. முனியம்மா அதைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள், வாயில் ஊதினாள். மெல்லிய முனகல் ஒன்று வந்து அடங்கியது. அம்மா மயங்கிக் கிடந்தாள்.

"பாப்பா, கொயந்த நிக்காது போலக்கீது. உங்க கோயில்ல தலையில தண்ணி ஊத்துவாங்களே, அத ஊத்திடு. சீக்கிரம்!"

முனியம்மா மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆனால் கத்தோலிக்கர்கள் வாழும் எங்கள் தெருவில் எத்தனையோ பிரசவம் பார்த்தவள். ஞானஸ்நானம் இல்லாமல் செத்த குழந்தை மோட்சம் போகாது, 'லிம்போ' என்ற இடத்தில் கிடக்கும், பெற்றவர்களை ஒருநாளும் பார்க்காது என்று 'ஞானோபதேச' வகுப்பில் உபதேசியார் சொல்லியிருந்தார். ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஆனால், "தண்ணி தலையில ஓடறப்பவே வார்த்தையும் வரணும். மூணு பேருல ஒரு பேரு விட்டாலும் செல்லாது" என்பார்.

செம்பை எடுத்தேன். அன்னம்மாள் என்று பெயர் வைத்து, பிதாவுடையவும் சுதனுடையவும் 'இஸ்பிரீத்து சாந்து'வுடையவும் நாமத்தினாலே என்று சொல்லி ஊற்றினேன். பரிசுத்த ஆவியை அன்று அப்படித்தான் சொல்வோம். மூன்று பெயரையும் சொன்னதாகத்தான் நினைத்தேன். ஊற்றி முடித்ததும், சுதன் பெயரைச் சொன்னேனா என்ற சந்தேகம் வந்தது. மறுபடி ஊற்றச் செம்பைச் சாய்த்தபோது முனியம்மா குழந்தையின் முகத்தைத் துணியால் மூடிவிட்டாள்.

மாலையில் பங்குச் சாமியார் வந்தார். ஞானஸ்நானம் பெறாத குழந்தையை மந்திரித்த மண்ணில் புதைக்க முடியாது, கல்லறைச் சுவருக்கு வெளியேதான் என்றார். நான் தண்ணீர் ஊற்றியதை முனியம்மா சொன்னதும், "மூன்று பெயரையும் சொன்னாயா மகளே?" என்று கேட்டார். சுவரோடு சாய்ந்து கிடந்த அம்மா என் வாயையே பார்த்தாள். "சொன்னேன் சாமி" என்றேன். தங்கச்சி உள்ளே அடக்கமானாள்.

அதன்பின் எனக்குச் சோறு இறங்கவில்லை. சுதனை விட்டிருந்தால் அவள் லிம்போவில், பொய் சொன்ன நான் நரகத்தில். அம்மாவோ, "எம்புள்ள சம்மனசாயிட்டா" என்று, குழந்தை வானதூதராகிவிட்டதாகப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டிய வாரம், பயம் தாங்காமல் முனியம்மாவிடம் ஓடினேன்.

"நான் எத்தன பேரு சொன்னேன், உனக்கு ஞாபகம் கீதா?"

பாக்கு வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "மூணு. நான் பாத்துக்கினுதானே இருந்தேன்? போ, போய் சாப்புடு."

அன்று சாப்பிட்டேன். அவள் உண்மையைத்தான் சொன்னாளா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கு மகள் பிறந்தபோது, தீட்டுக்கூடக் கழியவில்லை என்று மாமியார் தடுத்தும் கேளாமல், மூன்றாம் நாளே ஞானஸ்நானம் கொடுக்கக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

இப்போது பிரசவமெல்லாம் ஆஸ்பத்திரியில். லிம்போ என்ற வார்த்தையே பிள்ளைகளுக்குத் தெரியாது. போன வருஷம் ஒரு இளம் சாமியாரிடம் இதையெல்லாம் சொன்னேன். தண்ணீரே ஊற்றாவிட்டாலும் ஆண்டவர் அந்தக் குழந்தையைக் கைவிட்டிருக்க மாட்டார் என்றார். மனசு லேசானது. வீடு திரும்பும் வழியில்தான் எதிர்வீட்டு அற்புதம் அக்கா நினைவுக்கு வந்தாள். தண்ணீர் ஊற்றுமுன் செத்த தன் மகனை மறு உலகத்திலும் பார்க்கப்போவதில்லை என்று நம்பியே நாற்பது வருஷம் வாழ்ந்து செத்தவள் அவள். அவளிடம் இதை யாரும் சொல்லவில்லையே.