தினேஸ்வரி போட்ட கட்டைவிரல்

மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் மசாலாத் தூள் அரைத்து விற்கும் தினேஸ்வரிக்கு வயது நாற்பத்தாறு. கோலா கங்சார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் கைமாறிக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டபோது கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். பன்னிரண்டு வருடம் கழித்துச் சொந்தமாக அரவை இயந்திரம் வாங்கினார். அவருடைய தூள் பொட்டலங்களை முதன்முதலில் தன் கடையில் வைத்து விற்றுக்கொடுத்தவர், ஈப்போவில் சேலைக் கடை நடத்தும் ஜெயபாலன். பிறகு தினேஸ்வரி 'ஊர்முகம்' என்ற சமூக ஊடகத்தில் விளம்பரம் போட ஆரம்பித்தார். வியாபாரம் பெருகியது.

சென்ற வருடம் ஒரு வாடிக்கையாளர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். தோட்டத்துப் பெண்களைக் கேவலமாகப் பேசிச் சிரிக்கும் வீடியோ. அதற்கு நேர் கீழே தினேஸ்வரியின் மீன்கறித் தூள் விளம்பரம். ஊர்முகத்தைக் கூப்பிட்டுக் கேட்டார். எந்த விளம்பரம் எங்கே வரும் என்று கணினிதான் முடிவு செய்கிறது, தங்கள் கையில் இல்லை என்றார்கள். அன்றே விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினார்.

நான்கு நாள் கழித்து, வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவுக்கும் அந்த வீடியோ வந்தது. எல்லாரும் சேர்ந்து நிறுத்துவோம் என்று எழுதினார் ஜெயபாலன். தினேஸ்வரி அதற்கு ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அந்த வாரமே ஜெயபாலனோடு சேர்த்து ஆறு பேர் நிறுத்தினார்கள்.

மூன்றாம் மாதம் ஏழு பேர் மீதும் வழக்கு வந்தது. கூடிச் சதி செய்து தங்களைப் புறக்கணித்தார்கள் என்றது ஊர்முகம் நிறுவனம்.

ஜெயபாலன் நேரில் வந்தார். "குழுவுல இருக்கிறதெல்லாம் அழிச்சிரு தினேஸ். எல்லாரும் அழிச்சிட்டாங்க லா."

"கோர்ட்ல கேட்டா நான் என்னண்ணே சொல்றது?"

ஜெயபாலன் கிளம்பிப் போனார். அழிப்பது குற்றம் என்று தினேஸ்வரியின் வக்கீல் திருக்குமரன் முன்பே எச்சரித்திருந்தார். போனைக் கொடுத்தால் ஜெயபாலன் எழுதியதும் வெளியே வரும் என்பதையும் மறைக்கவில்லை. இரண்டு நாள் தினேஸ்வரி போனைத் தன்னிடமே வைத்திருந்தார். மூன்றாம் நாள் அதை வக்கீலிடம் கொடுத்தார்.

விசாரணையில் நிறுவனத்தின் வக்கீல் அந்தக் கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சும்மா பார்த்ததற்கு அடையாளம் என்று தினேஸ்வரி சொல்லியிருக்கலாம்.

"சரின்னுதான் அர்த்தம். அவர் சொன்னது எனக்குச் சரியாப் பட்டுச்சு. ஆனா நான் நாலு நாளைக்கு முன்னாடியே நிறுத்திட்டேன். யாரும் சொல்லி நிறுத்தல. அந்த வீடியோவுல பேசுறது எங்கம்மா மாதிரி ஆளுங்களைப் பத்தி."

மின்னஞ்சலின் தேதி அதை உறுதி செய்தது. தினேஸ்வரி மீதான வழக்கு தள்ளுபடியானது. மற்ற ஐந்து பேரும் தப்பித்தார்கள். அவர்கள் பேசி வைத்துக்கொண்டதற்கு ஆதாரம் போதவில்லை. சேர்ந்து நிறுத்துவோம் என்று அவர் எழுதியது தினேஸ்வரியின் போனில் இருந்ததால், ஜெயபாலன் மட்டும் தீர்ப்புக்கு முன்பே மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துச் சமாதானமாகப் போனார். அந்தக் கடிதத்தை ஊர்முகம் தன் பக்கத்தில் ஒரு வாரம் போட்டு வைத்திருந்தது.

தினேஸ்வரி இரண்டு முறை ஜெயபாலனின் கடைக்குப் போனார். இரண்டு முறையும் அவருடைய மனைவிதான் பேசினார். வியாபாரிகள் கூட்டத்தில் ஜெயபாலன் இப்போது கடைசி வரிசையில் உட்காருகிறார்.