கை போகிற ரேடியேட்டர்

எங்கள் லாரிக்கு ரேடியேட்டர் பார்த்து எடுத்தது நான். இதைச் சொன்னால் இன்றைக்கும் என் மருமகன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை, ரேடியேட்டர் எடுத்தாளாம் என்று. சிரிக்கட்டும். அவர்கள் பார்த்துப் பார்த்து எடுத்த பம்புசெட்டின் லட்சணம் எனக்குத் தெரியும்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டிருந்தது சண்டைக் காலத்து லாரி. பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விட்டதில் எடுத்தது. மூக்கு நீண்ட வண்டி. பச்சைப் பெயின்ட்டின் மேல் நாங்கள் நீலம் அடித்திருந்தோம், மழை பெய்தால் பச்சை எட்டிப் பார்க்கும். மாமல்லபுரத்துக் கடற்கரையில் காலையில் கட்டுமரங்கள் கரையேறியதும் மீன் கூடைகளை ஏற்றி, ஐஸும் உமியும் போட்டு மூடி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மதியம் அரக்கோணம் போகிற ரயிலில் அது ஏறினால் சாயங்காலம் காஞ்சிபுரத்துச் சந்தையில் மீன் இருக்கும். எங்கள் குடும்பம் முழுக்க அந்த ஒரு லோடில்தான் ஓடியது.

லோடு தந்தவர் சதுரங்கப்பட்டினத்து பாய் ஒருவர். நல்ல மனிதர், வார்த்தை தடிக்காதவர். அந்த வருஷம் கோடையில் எங்கள் லாரி இரண்டு முறை வழியிலேயே கொதித்து நின்றது. இரண்டு முறையும் ரயில் போய்விட்டது, மீன் நாறிவிட்டது. இரண்டாவது முறை பாய் எங்கள் வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்றுகொண்டே பேசினார்.

“தம்பி, மீனு நம்ம சொல்றதக் கேட்டுகினு குந்திகினு இருக்காது. இன்னொரு தபா ரயிலு போச்சின்னா நான் வேற வண்டி பாத்துக்குவேன். மனசுல வெச்சுக்காத.”

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. வேறு வண்டி என்று பாய் சொன்னது யாருடையது என்று ஊருக்கே தெரியும். அந்த ஆள் புது லாரி எடுத்து, அதை எங்கள் தெருவில் வேண்டுமென்றே ஹாரன் அடித்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் செங்கல்பட்டு மெக்கானிக்கிடம் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டிக்கொண்டு போனார். வரும்போது பழைய ரேடியேட்டரைச் சாக்கில் கட்டி பஸ்ஸின் மேல் போட்டுக் கொண்டுவந்தார். ஒரு ஓட்டையை ஈயம் வைத்துப் பற்றவைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கிறதாம். மெக்கானிக் மேல் தொட்டியை வெட்டித் திறந்து பார்த்து, இது தேறாது, வேறு வாங்கு என்று சொல்லிவிட்டானாம். சாக்கைப் பிரித்ததும் நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். குழாய்களின் வாயெல்லாம் வெள்ளையாக அடைத்துக் கிடந்தது. நகத்தால் சுரண்டினேன், பொருக்காகப் பெயர்ந்து வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நேராகக் கொல்லைப்புறம் போய் வெந்நீர் அண்டாவைக் கவிழ்த்துச் சுரண்டினேன். இரண்டும் ஒன்றுதான்.

நான் செங்கல்பட்டுக்குத் தெற்கே படாளத்தில் பிறந்தவள். எங்கள் கழனிக் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு அரை நாழிகையில் குழைந்துவிடும். அத்தை மகனைக் கட்டிக்கொண்டு கடலோரம் வந்த முதல் வாரமே, இங்கே பருப்பு கல்லாக நிற்பதைப் பார்த்து அழுதேன். வீட்டுக் கிணறு உவர்ப்பு. குடிக்கவும் சமைக்கவும் ஊருக்கு மேற்கே தோப்புக் கிணற்றிலிருந்து அரை மைல் சுமந்து வர வேண்டும். குளிக்கிற வெந்நீருக்கு மட்டும் வீட்டுக் கிணறு. அதனால் தண்ணீர் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

“மாமா, வண்டிக்கு இன்னா தண்ணி ஊத்தற?” என்று கேட்டேன்.

“கால்வா தண்ணிதான். வேற இன்னா?”

பக்கிங்காம் கால்வாய்த் தண்ணீர்! உப்பங்கழி! நாக்கில் வைத்தால் கரிக்கும். அதைத் தெரியாமல் ஊற்றியிருந்தாலாவது மன்னித்திருப்பேன். தெரிந்தேதான் ஊற்றியிருக்கிறார். எங்கள் பக்கத்து லாரிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். கேளம்பாக்கம் உப்பளத்துக்கு லோடு போகிறவர்கள் கற்றுக்கொண்டு வந்த வித்தை அது. நல்ல தண்ணீரைவிட உப்புத் தண்ணீர் கொதிக்க நேரமாகுமாம். அதனால் ரேடியேட்டரில் உப்புத் தண்ணீர் ஊற்றினால் வண்டி லேசில் கொதிக்காதாம். உப்பளத்தில் கேட்டுப் பார் என்றார். உப்பளத்தில் சொன்னது பொய்யில்லை, கொஞ்சம் நேரமாகத்தான் செய்யும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக எங்கள் லாரியின் தொண்டையை அடைத்து வைத்திருந்தார்கள்.

பொருக்கு இரண்டையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். உருட்டிப் பார்த்தார். “அண்டா வேற, எஞ்சினு வேற” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ரேடியேட்டர் வாங்கப் பட்டணம் கிளம்பியபோது நானும் வருகிறேன் என்றேன். அங்கே உனக்கு என்ன வேலை என்றார். எனக்கும் பட்டணம் பார்க்க வேண்டும் என்றேன். பொய்தான். அவரைத் தனியாக விட்டால் என்ன வாங்கி வருவார் என்று எனக்குத் தெரியும். பளபளவென்று எது இருக்கிறதோ அதற்கு மயங்குகிற ஆள். என்னையும் அப்படித்தான் கட்டினார் என்று சொல்ல ஆசை, ஆனால் நான் கறுப்பு.

புதுப்பேட்டையில் பழைய லாரிச் சாமான் விற்கிற கடை ஒன்று. உள்ளே வண்டிகளின் கை கால்களெல்லாம் குவிந்து கிடந்தன. எங்கள் லாரிக்குப் புதுக் கம்பெனி ரேடியேட்டர் கிடைக்கவே கிடைக்காது, அந்த மாதிரி வண்டியை இப்போது யாரும் செய்வதில்லை என்று கடைக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். பதிலுக்கு வைக்கத் தகுந்ததாக மூன்றை வெளியே இழுத்துப் போட்டார். விலை மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலாவது, எங்கள் லாரியின் அண்ணன் தம்பி ஒன்று செத்தபோது கழற்றியது. துளைக்குத் துளை சரியாக உட்காரும். என் வீட்டுக்காரர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். நான் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டேன். நகக்கண்ணில் வெள்ளை. விரலை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். முறைத்தார், ஆனால் அதைக் கீழே வைத்துவிட்டார்.

இரண்டாவது புத்தம் புதியது. கறுப்புப் பெயின்ட், பித்தளைத் தொட்டி, தகடுகள் அவ்வளவு நெருக்கம். கடைக்காரர் அதைத் தட்டிக் காட்டினார். “இத்த போடு அண்ணாத்த. ஐஸ் பொட்டி மாதிரி கீது. கண்ண மூடிகினு எட்த்துகினு போ.” என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது.

மூன்றாவதை யாரும் பார்க்கக்கூட இல்லை. கனமாக, அசிங்கமாக, சுவரோரம் சாய்ந்து கிடந்தது. இங்கேயே ஏதோ ஒரு பட்டறையில் வார்த்துச் செய்ததாம். மேல் தொட்டியும் கீழ்த் தொட்டியும் ஈயம் வைத்து ஒட்டப்படாமல், சுற்றிலும் போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. நான் அதன் முன்னால் உட்கார்ந்து போல்ட்டுகளை எண்ணினேன்.

“இத கழட்டினா இன்னா ஆவும்?” என்றேன்.

“தொட்டி தனியா வந்துரும். அது பழைய மாடலு, நீ வுடும்மா” என்றார் கடைக்காரர்.

“தொட்டி வந்துட்டா கொழா வாயெல்லாம் தெரியும்ல? கம்பி வுட்டுக் குத்தலாம்ல?”

“குத்தலாம்.”

“அந்தக் கறுப்ப?”

“அத எப்டிம்மா தொறக்கறது? ஃபுல்லா பத்த வெச்சது. ரேடியேட்டர இன்னாத்துக்குக் கழுவணும்? அது இன்னா, சோத்துப் பானையா?”

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அதுதான் எனக்குச் சுரீரென்றது.

“கை போவாத பாத்தரத்த நான் வூட்டுக்குள்ள சேக்கமாட்டேன்” என்றேன். “உள்ள அடச்சிகினு கெடக்கறது வெளிய தெரியாது. தெரியற அன்னிக்கு மீனு நாறும். மாமா, உனக்கு அந்த லோடு வேணுமா, வாணாமா?”

லோடு என்ற வார்த்தை அவருக்குத் தைத்தது என்று முகத்திலேயே தெரிந்தது. கொஞ்ச நேரம் கறுப்பைப் பார்த்தார், அசிங்கத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து அசிங்கத்தைத் தூக்கினார். நான் அந்தக் கடையிலிருந்து தலை நிமிர்ந்து வெளியே வந்தேன். பட்டணத்தில் வேறு எதையும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியிருக்கவும் இல்லை.

செங்கல்பட்டு மெக்கானிக் சாக்கைப் பிரித்ததும் தலையில் அடித்துக்கொண்டான். பட்டைகளை வெட்டி ஒட்டி, துளை மாற்றிப் போட்டால்தான் உட்காருமாம். “எவன்யா இத எடுத்தது? ரோடு ரோலருக்கு வெக்கறதா?” என்றான். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? “கடக்காரன் தலயில கட்டிட்டாம்பா.” வீடு வருகிற வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை. ரசத்தில் உப்புப் போடவில்லை. அவருக்கும் ஏன் என்று தெரிந்திருந்தது, கேட்காமல் குடித்தார்.

மறுநாள் காலையில் லோடு. பாய் சொன்ன அந்த இன்னொரு தபா அன்றைக்குத்தான். மீன் கரைக்கு வருவதற்கு முன்னால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தார், தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது. பழைய பழக்கம், வாளியை எடுத்துக்கொண்டு கால்வாய்ப் பக்கம் திரும்பினார். நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

“அந்தத் தண்ணி ஒரு சொட்டு இதுக்குள்ள போவக் கூடாது. வூட்ல நாலு கொடம் நல்ல தண்ணி கீது, எடுத்து ஊத்து.”

“வேணாம்.”

“ஏன் வேணாம்?”

வாளியைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல் பேசினார். “அர மைலு இடுப்புல தூக்கிகினு வர. ஒரு நாளிக்கி நாலு நடை. அத எஞ்சினுக்கு ஊத்தச் சொல்றியா? எனக்கு மனசு வரல.”

உப்பளத்து வித்தையெல்லாம் வாய்க்கு வந்த சாக்கு. மனசில் இருந்தது இது. இத்தனை நாள் சொல்லாமல் இருந்திருக்கிறார். ஆனாலும் நான் விடவில்லை. “அப்போ நீ போய் எடுத்துகினு வா” என்றேன்.

போனார். தகர டின் இரண்டைக் காவடியில் கட்டிக்கொண்டு தோப்புக் கிணற்றுக்குப் போனார். எங்கள் ஊரில் ஆம்பிளை அந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்தி யாரும் பார்த்ததில்லை. நானும் குடத்தோடு பின்னாலேயே போனேன். வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி, “இன்னாண்ணா, அண்ணிக்கு ஒடம்பு சரியில்லியா?” என்று கேட்டாள். “அவளுக்கு ஒண்ணும் இல்ல, லாரிக்குத்தான்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் தன் முறை வருகிற வரைக்கும் நின்று, சேந்தி, எடுத்துக்கொண்டு நடந்தார். தண்ணீர் சிந்திக் கால் முழுக்க நனைந்தது, சுமக்கத் தெரியவில்லை.

அன்றைக்கு நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். யாரும் கூப்பிடவில்லை. சரியான வெயில். திருக்கழுக்குன்றத்தில் நிறுத்தி இறங்கி பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தார், மறுபடி ஏறினார். முன்பெல்லாம் அந்த ஊரைத் தாண்டியதும் மூடியிலிருந்து ஆவி சீறத் தொடங்கும். எனக்குக் கண் சாலையில் இல்லை, வண்டியின் மூக்கு நுனியில் அந்த ஆவி வருகிறதா என்றே பார்த்துக்கொண்டு வந்தேன். வரவில்லை. செங்கல்பட்டு ஏரி தெரிந்தது, ஸ்டேஷன் தெரிந்தது. ரயில் இன்னும் வந்திருக்கவில்லை.

பாய் சரக்குக் கொட்டகை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். பத்தடி தள்ளி அந்தப் புது லாரிக்காரனும் நின்றுகொண்டிருந்தான். எதற்கு வந்தான் என்று கேட்கத் தேவையில்லை. பாய் ஒரு கூடையைப் பிரித்து வஞ்சிர மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பாக இருந்தது. கூலிக்காரர்களைக் கூப்பிட்டு ஏற்றச் சொன்னார். பிறகு லாரியின் மூக்குப் பக்கம் வந்து குனிந்து பார்த்தார்.

“புதுசா மாட்டினியா? நல்லா கட்டியா கீதே. யாரு பாத்து எடுத்தது, நம்ம மெக்கானிக்கா?”

நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது தானே எடுத்ததாகச் சொல்வார், சொல்லட்டும், லோடு நிலைத்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“எங்க வூட்ல எடுத்தது, பாய்” என்றார். கூலிக்காரர்களுக்கும் அந்தப் புது லாரிக்காரனுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். “கடையில நான் கூட சிரிச்சேன். தண்ணி மட்டுந்தான் நான் எடுத்தது.”

யாரோ சிரித்தார்கள். அவர் தலையைக் குனியவில்லை. பாய் முன்சீட்டுப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். “அப்படியா தாயி” என்று கேட்டுவிட்டு, “நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துரணும்” என்றார்.

நான் கதவைத் திறந்து கீழே இறங்கி, என் வீட்டுக்காரர் பக்கத்தில் போய் நின்றேன்.