பன்னிரண்டு மில்லிமீட்டர் சிராய்

2023 மே மாதம் 14ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். வெயில் இறங்கவில்லை. மேற்கே மலைப்பக்கம் மேகம் கூடியிருந்தும் காற்று அசையவில்லை. அப்போதுதான் என் பேத்தி வாசலில் "தாத்தா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. கோயம்புத்தூரிலிருந்து லீவுக்கு வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

எங்கள் வாசலில் மூன்று படி. ஸ்கூட்டரை ஏற்றி இறக்க ஒரு வேப்பம்பலகையைச் சாய்த்துப் போட்டிருந்தேன். அது ஓரம் பிளந்திருந்தது. ஜனவரியிலேயே தச்சரிடம் கேட்டேன், இழைத்துக் கொடுக்க நூற்றைம்பது சொன்னார். நூறு என்றால் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவன்தான். நான்கு மாதமாகிவிட்டது. அந்தப் பலகையில் வெறுங்காலோடு சறுக்கியிருக்கிறாள். இடது உள்ளங்காலில், குதிகாலுக்கு முன்னால், மரச்சிராய் ஏறிவிட்டது. வெளியே ஒரு கரும்புள்ளி மட்டும் தெரிந்தது.

என் மனைவி காலையிலேயே கரிவலம்வந்தநல்லூருக்கு ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தாள். பிள்ளை என் பொறுப்பில் இருந்தாள். நான் முப்பத்திரண்டு வருடம் சர்வேயராக இருந்தவன். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் புஞ்சை அளக்கும்போது, சங்கிலி பிடித்த ஆள் ஒருவருக்குக் காலில் முள் ஒடிந்து தங்கிப்போனது. ஒன்பதாம் நாள் சீழ் வைத்தது, பிறகு ஒரு விரலையே எடுக்க வேண்டி வந்தது. அந்தக் காலைக் கண்ணால் பார்த்தவன் நான். அதனால் ஒரு துணுக்கு கூட உள்ளே தங்கக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது. மற்ற எதுவும் தெளிவாக இல்லை.

எதிர்வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் அம்மாவிடம் ஊசி வாங்கப் போனேன். அவரும் கூடவே வந்துவிட்டார். எருக்கம்பால் வைத்தால் தானாக வெளியே வரும் என்றார். அந்தப் பால் பிள்ளையின் கை வழியாகக் கண்ணுக்குப் போய்விடுமே என்று நான் மறுத்தேன். ஊசியைத் தீயில் காட்டி முதல் குத்துக் குத்தினேன். பிள்ளை காலை இழுத்துக்கொண்டாள். ஒரு குத்துக்குப் பத்து ரூபாய் என்று பேசிய பிறகுதான் காலை நீட்டினாள். எண்ணும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள்.

நான்காவது குத்தில் இரத்தம் வந்தது. ஊசியைக் கீழே வைத்தேன். எங்கள் ஊரில் சொறி, சிரங்கு, தேமல் என்று தோலில் எது வந்தாலும் முதலில் தேடுவது கோயில் புற்றுமண்ணைத்தான். சாமி படத்துக்குப் பின்னால் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கும். அதைத் தண்ணீரில் குழைத்துக் குத்தின இடத்தில் அப்பினேன். தையல்கார அம்மாவும் நல்லது என்றார். பதினைந்து நிமிடம் காயவிட்டு மறுபடி ஊசியை எடுத்தேன்.

இப்போது புள்ளியைக் காணவில்லை. உள்ளங்கால் ரேகை முழுக்க மண் ஏறியிருந்தது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் பிள்ளை ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தைக் காட்டினாள். ஒரு தடவை வலது காலையே காட்டினாள்.

எப்படியோ மூன்று துண்டு எடுத்தேன். வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து ஸ்கேலால் அளந்தேன். நான்கு, மூன்று, ஐந்து மில்லிமீட்டர். பிறகு வாசலுக்குப் போய், பலகையில் புதிதாகப் பெயர்ந்திருந்த பள்ளத்தை அளந்தேன். சரியாகப் பன்னிரண்டு. இரண்டு தடவை அளந்தேன். ஒரு பொட்டும் மிச்சம் இல்லை என்று வந்து சொன்னேன்.

"அப்ப நடந்து காட்டு மக்கா" என்றார் தையல்கார அம்மா.

பிள்ளை எழுந்து இடது காலை ஊன்றினாள். உடனே தூக்கிக்கொண்டாள்.

எனக்குப் புரியவில்லை. கணக்கு நேராகிவிட்டது, கால் நேராகவில்லை. மறுபடி பலகையை அளக்கப் போனேன். அதே பன்னிரண்டுதான். தோண்டின காயம்தான் வலிக்கிறது என்று நினைத்தேன். அப்படியானால் இரண்டு விரற்கடை தள்ளித் தொட்டாலும் ஏன் சுளிக்கிறாள்? மேலும் தோண்டுவதா, விடுவதா? ஊசியைக் கையில் எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

"அண்ணாச்சி, அது பிள்ள காலு. புஞ்ச இல்ல" என்றார் அவர். "ஊசிய இங்கன தாங்க. ஆட்டோவ கூப்பிடுதேன்."

ஞாயிற்றுக்கிழமையாதலால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரே ஒரு கிளினிக்தான் திறந்திருந்தது. எங்கள் டோக்கன் ஒன்பது. பிள்ளை தையல்கார அம்மா மடியில் உட்கார்ந்திருந்தாள், என் பக்கம் வரவில்லை. காத்திருந்த நாற்பது நிமிடமும் நான் தாளை மடித்துச் சட்டைப் பையில் பிடித்தபடியே இருந்தேன்.

டாக்டர் இளம் பெண். நான் தாளைப் பிரித்து மூன்று துண்டையும் அவற்றின் நீளத்தையும் பலகைப் பள்ளத்தையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு துண்டை விரலால் நசுக்கினார். பொடிந்தது. அடுத்ததையும் நசுக்கினார், அதுவும் பொடிந்தது. மிச்சமிருந்த ஒன்று மட்டும் மரம், அந்த நான்கு மில்லிமீட்டர் துண்டு. வேப்பம்பலகையும் காய்ந்த புற்றுமண்ணும் ஒரே நிறம் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

"இது மண்ணு ஐயா. மண்ண அளந்து வச்சிருக்கீங்க" என்றார். திறந்த புண்ணில் மண் போகவே கூடாது என்று பிறகு கண்டிப்பாகச் சொன்னார்.

நர்ஸ் காலைச் சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவியதும் தோலுக்கடியில் ஒரு கோடு தெரிந்தது. நான் தோண்டிய இடத்திலிருந்து அது பக்கவாட்டில் ஓடியிருந்தது. டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, சிறிதாகக் கீறி, இடுக்கியால் ஒரே இழுப்பில் எடுத்தார். பேத்தி பார்த்துக்கொண்டே இருந்தாள், அழவில்லை. அந்தத் துண்டைக் கேட்டு வாங்கி அளந்தேன். பத்து மில்லிமீட்டர். என் நான்கோடு சேர்த்தால் பதினான்கு. பள்ளம் பன்னிரண்டுதான். அந்த இரண்டு மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உள்ளே இன்னும் இருக்குமோ என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் இல்லை என்றார்.

மூன்றாம் நாள் காலையில் பிள்ளை இரண்டு காலையும் ஊன்றி என் நாற்காலிவரை நடந்து வந்தாள். பதினாறு எட்டு. வந்து கையை நீட்டினாள். மொத்தம் முப்பத்தொரு குத்து என்றாள். என் கணக்கில் பத்தொன்பது. டாக்டரின் ஊசியையும் சேர்த்துவிட்டாயா என்று கேட்டேன்.

"நீங்க குத்த வந்துட்டு நிறுத்துனதையும் எண்ணுனேன் தாத்தா. அதுவும் பயமாத்தான இருந்துச்சு."

நான் அதை எண்ணவே இல்லை. முப்பத்தொன்றுக்கே கொடுத்தேன்.

டாக்டருக்கு இருநூறு, டி.டி. ஊசிக்கும் மருந்துக்கும் நூற்று நாற்பத்தைந்து, ஆட்டோ போக வர நூற்றிருபது, பேத்திக்கு முந்நூற்றுப் பத்து, பலகையை இழைத்த தச்சருக்கு அவர் ஜனவரியில் சொன்ன அதே நூற்றைம்பது. மொத்தம் தொள்ளாயிரத்து இருபத்தைந்து ரூபாய்.