கயிற்றில் தொங்கிய சேட்டுகள்

போன வருடம், அறுவடை முடிந்து கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்திருந்த சமயம். கிளிநொச்சியில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் நவீன கலைக் கண்காட்சி வைத்திருந்தார்கள். கலைக்கும் எனக்கும் காத தூரம். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கவே நேரம் போதாத எனக்கு அதெல்லாம் எதற்கு? ஆனாலும் மச்சாளுக்காகப் போனேன்.

மச்சாள் என் கணவரின் அக்கா. பரந்தனில் எங்களோடுதான் இருக்கிறார். யுத்தம் முடிந்த நாட்களில் ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் வைத்து, அவருடைய ஒரே மகனை விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். இன்றுவரை விடவில்லை. மனிதப் புதைகுழிகளைக் கிண்டும்போது கிடைத்த உடுப்புகளை அடையாளம் காட்ட எங்கே கூப்பிட்டாலும் மச்சாள் முதல் ஆளாகப் போய் நிற்பார். இந்தக் கண்காட்சியிலும் உடுப்புகள் வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

வாசலில் இருந்த பதாகையைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

“மச்சாள், இது சும்மா கலைக் கண்காட்சி. வாங்கோ, வீட்டை போவம்.”

“என்னவெண்டாலும் இருக்கட்டும். உடுப்புத்தானே? உம்மடை கண்ணாடியைத் தாரும்.”

சொன்னால் கேட்கிற ஆளா அவர்! செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். மண்டபம் முழுக்க இருட்டு. காலுக்குக் கீழே கடற்கரை மணல், சுற்றிவர அலைச் சத்தம். கூரையிலிருந்து மண் படிந்த சேட்டுகள் வரிசை வரிசையாகக் கயிற்றில் தொங்கின. அவற்றுக்கு நடுவே நாங்கள் நடக்க வேண்டுமாம். வந்தவர்கள் மெதுவாக நடந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மச்சாள் தேடத் தொடங்கினார். ஒவ்வொரு சேட்டாகப் பிடித்து, கொலரைத் திருப்பி, பொத்தான்களைத் தடவினார். மகன் கடைசியாகப் போட்டிருந்த நீலக் கட்டச் சேட்டில் ஒரு பொத்தான் மட்டும் வெள்ளை; அவரே தைத்தது. காவலுக்கு நின்ற பெண், தொடக்கூடாது என்று ஓடிவந்தார். இதையெல்லாம் செய்து வைத்த கலைஞர் அங்கேதான் நின்றார்; அவர்தான் அந்தப் பெண்ணைத் தடுத்தார்.

“விடுங்கோ, அவா பாக்கட்டும்.”

சுற்றி நின்றவர்களோ இதுவும் கண்காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துப் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போன்களைப் பறித்து மணலில் புதைத்திருப்பேன்.

ஒரு நீலக் கட்டச் சேட் அகப்பட்டது. மச்சாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். எல்லாப் பொத்தானும் நீலம்.

“தம்பி, இதுகள் எங்க கிண்டி எடுத்தது?” என்று கலைஞரைக் கேட்டார்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “கிண்டினதில்லை அம்மா. கொழும்பில பழைய உடுப்புக் கடையில வாங்கினது. நாங்கள்தான் மண்ணுக்குள்ள தாட்டு வைச்சு எடுத்தனாங்கள்.”

“அப்ப இதுகளைப் போட்ட பிள்ளையள் உயிரோட இருக்கினமோ?”

“ஓம் அம்மா, இருப்பினம்.”

“நல்லா இருக்கட்டும்” என்றார் மச்சாள். அந்த மனிதர் அழுதுவிட்டார். மச்சாள் அழவில்லை.

பஸ் தரிப்பில் வந்து இருந்தோம். பஸ் வந்தும் மச்சாள் ஏறவில்லை.

“அந்தக் கடைசி வரிசை பாக்கேல்லை.”

“கடையில வாங்கினது எண்டு அவர் சொன்னவரெல்லே, மச்சாள்?”

“கடைக்காரனுக்கு ஆர் குடுத்தது? அது அவருக்குத் தெரியுமோ?”

திரும்பவும் போனோம். மச்சாள் ஒரு முனையிலிருந்தும் நான் மறு முனையிலிருந்தும் பார்த்துக்கொண்டு வந்தோம். அந்தப் பிள்ளை உயிரோடு திரும்ப வேண்டும் என்று இத்தனை வருடமாகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவள் நான். அன்று அந்த இருட்டில், அவனுடைய சேட்டாவது இதில் தொங்கட்டும், இந்த மனுசி இனியாவது தேடுவதை விட்டுவிட்டு ஒருநாள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று அதே பிள்ளையாரைக் கும்பிட்டேன். அதுவும் கிடைக்கவில்லை.

நம்பிக்கைதான் வாழ்க்கை என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. தாய் பக்கத்தில் நின்று தேடிக்கொண்டிருக்க, பிள்ளை செத்ததற்கு ஓர் அடையாளம் தா என்று கும்பிட்டவள் நான் என்பதை நினைத்தால், இன்றும் விளக்கேற்றச் சாமியறைக்குள் போக எனக்கு மனம் வருவதில்லை.