தீபோ பாடும் வரி

விஜயகுமாரிக்குப் பஞ்சாபி ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் ஒரு பஞ்சாபிப் பாட்டைத் தப்பில்லாமல் பாடுவாள், அதுவும் பெண் பாடும் பாதியை மட்டும். ஆண் பாதி அவள் புருஷன் சின்னசாமிக்கு. ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் கழிவுத்தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் வேலையில் ஒட்டிக்கொண்டவர்கள் இருவரும்.

அந்தத் தொட்டி இருக்கிறதே, அது சத்தமில்லாமல் ஆளை விழுங்கும். சேறு கலங்கினால் ஒரு விஷக்காற்று கிளம்பும். அதை இழுத்தவன் ஐயோ என்றுகூடச் சொல்லமாட்டான். அதனால் உள்ளே இறங்குகிறவன் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அந்த ஷாப்பில் வழக்கம். மேலே அவன் இடுப்புக் கயிற்றைப் பிடிப்பவர் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். பாட்டு நின்றால் இழுக்க வேண்டும். வேறு பாதுகாப்பு என்று ஒன்றும் கிடையாது.

ஜலந்தரிலிருந்து தோல் ஏற்றி வரும் லாரியின் பாட்டுப் பெட்டியிலிருந்துதான் சின்னசாமிக்கு அந்தப் பாட்டு கிடைத்தது. ஹர்பால், தீபோ என்று ஒரு ஜோடி பாடியது. மேஸ்திரி முனீர் அகமது, லாரிக்கார சர்தாரிடம் உருதுவில் விசாரித்துச் சொன்னார்.

"புருசன் பொண்டாட்டி சண்டைம்மா. அவன் ஒண்ணு சொன்னா இவ ஒண்ணு சொல்றா. கடைசிப் பேச்சு இவளுதுதான்."

"அப்போ நம்மூட்டுப் பாட்டுன்னு சொல்லு பாய்," என்றான் சின்னசாமி.

"ஆமா, உனக்கு வாயே இல்ல பாரு," என்றாள் விஜயகுமாரி.

சர்தார் இன்னொன்றும் சொன்னார். ஹர்பால் முதலில் லாரி கிளீனராம். தீபோ கல்யாண வீடுகளில் பாடியவளாம். மேடையில் சண்டை போட்டுப் பாடிப் பாடியே கல்யாணம் செய்துகொண்டார்களாம். தீபோ செத்த பிறகு, அவர் தன் வரியைப் பாடிவிட்டு, அவள் வரி வரும் இடத்தில் சும்மா நிற்பாராம். கூட்டமும் மூச்சுக் காட்டாதாம்.

அதைக் கேட்டதிலிருந்து விஜயகுமாரிக்கு, தொட்டி மூடியைத் திறக்கும்போதெல்லாம் அந்த மனுஷன் வாய்மூடி நிற்பதுதான் கண்ணுக்குள் வரும்.

ஆவணியில் ஒரு மத்தியானம். சின்னசாமி உள்ளே பாட, இவள் மேலே பதில் பாட, பாட்டு முடிந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் லாரி ஒன்று வந்து உறுமிக்கொண்டு நின்றது. அந்த உறுமலுக்கு நடுவே ஆண் குரல் தொடங்கியது. இருட்டுக்குள் பார்த்தபடியே கேட்டாள். தொடக்கத்தில் ஆண் மட்டும் இரண்டு சுற்றுப் பாட வேண்டும். 'இன்னிக்கி தொண்டை நல்லாத் தொறந்துக்கிச்சே' என்று நினைத்து, கயிற்றைக்கூடக் கொஞ்சம் தளர விட்டாள்.

இவள் முறை வந்தது. வாயைத் திறப்பதற்குள் வேறொரு பெண் பதில் பாடினாள்.

தீபோ!

இவ்வளவு நேரம் பாடியது ஹர்பால். சுவருக்கு அப்பால், லாரிக்குள்ளிருந்து. தொட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"பாய்! ஓடியா பாய்!"

கயிறு கல்லைக் கட்டியதுபோல் கனத்தது. ஓடிவந்த முனீர் பாய் சட்டையைக் கழற்றிக்கொண்டு இறங்கப் போனார்.

"எறங்காத! நீயும் போயிடுவே! இழு!"

அவளும் அவரும் லோடு ஆட்கள் இருவரும் இழுத்தார்கள். சின்னசாமி ஈரத் தோல்போலத் துவண்டு வந்து விழுந்தான். சுவருக்கு அப்பால் தீபோ இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான், மாதனூர் தாண்டி, அவன் ஒரு தடவை இருமினான். அந்த இருமலைக் கேட்ட பிறகுதான் இவள் அழுதாள்.

அவன் தேறி வந்ததும், தொட்டி வேலைக்கு முதலாளி கூப்பிடுவதாகச் சொல்ல முனீர் பாய் வந்தார்.

"அவ மேல நின்னாதான் நான் எறங்குவேன்," என்றான் சின்னசாமி.

"எனக்கு அந்தப் பாட்டு மறந்துபோச்சி பாய்," என்றாள் விஜயகுமாரி.

"அதெப்படிம்மா? தினம் பாடுவியே!"

"மறந்துபோச்சின்னா மறந்துபோச்சி."

முனீர் பாய் அவள் முகத்தைப் பார்த்தார். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

இப்போது சின்னசாமிக்கு மாடியில் தோல் காயப்போடும் வேலை. கீழே முற்றம் பெருக்குவது விஜயகுமாரி. ஜலந்தர் லாரி வந்து ஹர்பால் குரல் கேட்டால், துடைப்பம் அப்படியே நின்றுவிடும். அண்ணாந்து கத்துவாள்.

"யோவ், இருக்கிறியா?"

"இருக்கறேண்டி. செத்தா உங்கிட்ட சொல்லிட்டுத்தான் சாவேன்."

சொல்லாமல்தான் அன்றைக்குப் போகப் பார்த்தான். அது அவளுக்குத் தெரியும். அதனால் தீபோ பாடத் தொடங்கும்வரை, திரும்பத் திரும்பக் கூப்பிடுவாள்.