சரசக்காவின் பேண்டு செட்

பந்தலூர் பஸ் நிலையத்தில் டீ குடித்தபடி நிற்கிறேன். பக்கத்தில் ஒரு ஜீப்பின் மேல் டிரம்மைக் கட்டுகிறார்கள். ட்ரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும் சரசக்கா பேச்சுக்கொடுக்கிறார். தேயிலைக் கொழுந்து பறித்தவர். எஸ்டேட் கோயில் திருவிழாவில் வாசிக்கத் தொடங்கி, கூடலூர் பேண்டு ஒன்றில் பன்னிரண்டு வருடம் பின்வரிசையில் நின்றிருக்கிறார். தேயிலை விலை விழுந்து ஃபேக்டரியை மூடியதும், வேலை போன ஆறு பேரைச் சேர்த்துச் சொந்த செட் ஆரம்பித்துவிட்டார். இன்று முதல் கல்யாணம், கேரள எல்லை தாண்டி பத்தேரியில்.

"பயமா இருக்குங்களாக்கா?"

"எனக்கில்லைங்க, பொண்ணு ஊட்டுக்காரங்களுக்குத்தான். பொம்பளையா பேண்டு மாஸ்டர்னு ஆள் அனுப்பிக் கேட்டாங்க. நேர்லயே போயி வாசிச்சுக் காட்டினேன். அப்புறம் கேக்கலை."

ஜீப் கிளம்புகிறது. முன்சீட்டில் அமர்ந்தபடியே ஊதிப் பார்க்கிறார். எதிரே வரும் கேரளா பஸ்ஸின் டிரைவர், ஹார்னிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி வழிவிடுகிறார்.